கையில் ஒரு மணி நேரம்

ஒத்திகை பார்க்காமல் அந்த அக்கா ஒரு தும்மல்கூடப் போடமாட்டார் என்று என் கணவர் கேலி செய்வார். அவர் கேலி செய்வதில் பாதிக்கு மேல் பொய் இருக்கும். இந்த ஒன்று மட்டும் கிட்டத்தட்ட உண்மை.

துபாயில், அல் குசைஸில் எங்கள் கட்டிடத்தின் இரண்டாவது மாடியில், எங்களுக்கு எதிர்க் கதவு அக்காவுடையது. நர்ஸ் என்பதால் வாட்ச்மேன் முதல் கீழே மளிகைக் கடைக்காரர் வரை எல்லோருக்கும் அவர் 'சிஸ்டர்'. எனக்கு மட்டும் அக்கா. ஊர் தென்காசிப் பக்கம். குள்ளமான உருவம், தோளில் எப்போதும் ஒரு கறுப்புப் பை. அவர் நடந்து நான் பார்த்ததில்லை, ஓட்டம்தான். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் படியில் இறங்குவார். கீழே போய் பஸ் ஸ்டாப்பில் முக்கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார்.

"எங்க போனாலும் கையில ஒரு மணி நேரம் வச்சிக்கிடணும்ட்டி" என்பார். அவர் அடிக்கடி சொன்ன வாக்கியம் அதுதான். கல்யாண வரவேற்புக்குக் கூட்டிப்போனால் நாற்காலி போடுகிற ஆட்கள் எங்களை வாங்க என்பார்கள். விமான நிலையத்துக்கு அவர் போகிற நேரத்தில் அவருடைய விமானம் இன்னும் வேறு ஊரில் நின்றுகொண்டிருக்கும்.

நானோ நேர் எதிர். ஈரோட்டிலிருந்து வந்தவள். ரயில் நகர ஆரம்பித்த பிறகு ஏறித்தான் பழக்கம். தேராவில் எனக்கு முதல் வேலைக்கான இன்டர்வியூ வந்தபோது, முந்தின நாளே அதே நேரத்துக்கு, அதே பஸ்ஸில் அக்கா என்னை அங்கே கூட்டிப்போனார். அந்த அலுவலக வாசல்வரை நடந்தோம். லிஃப்டில் ஏறச் சொல்லிப் பொத்தானை அழுத்தவும் சொன்னார்.

"எதுக்குங்க்கா இதெல்லாம்?" என்றேன், வெட்கமாக இருந்தது.

"லிஃப்டு எந்தப் பக்கம் தெறக்கும்னு தெரியணும்லா? உள்ள நின்னு தப்பான கதவப் பாத்துக்கிட்டு இருந்தேன்னு வையி, அங்ஙனயே பதட்டம் வந்துரும்."

மறுநாள் லிஃப்டுக்குள் நான் சரியான கதவைப் பார்த்து நின்றேன். வேலை கிடைத்தது. அதற்கும் லிஃப்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று இன்றுவரை வாதாடுகிறேன், ஆனால் குரலில் வலு இல்லை.

என் பிரசவத்துக்கு மூன்று ஒத்திகை நடந்தது. என் கணவர் கார் ஓட்ட, அக்கா முன்சீட்டில் கடிகாரத்தோடு, நான் பின்னால் எட்டு மாத வயிற்றோடு. முதல் இரண்டு முறை ஆஸ்பத்திரி வாசல்வரை போய்த் திரும்பினோம். மூன்றாவது முறை பாதி வழியில் அக்கா என் பக்கம் திரும்பினார்.

"சும்மா உக்காந்து வந்தா எப்டி? கத்துட்டி."

"என்னத்துக்குங்க்கா?"

"நீ கத்துனா தம்பி எப்டி ஓட்டுதான்னு பாக்கணும். கத்து."

கத்தினேன். என் கணவர் வழி தவறி ஷார்ஜா போகும் சாலையில் ஏறிவிட்டார். "பாத்தியா? இது அன்னைக்கு நடந்திருந்தா?" என்றார் அக்கா. பிரசவத்தன்று நான் எவ்வளவு கத்தியும் அவர் வழி தவறவில்லை. என் மகள் கொஞ்சமும் சிரமம் தராமல் பிறந்தாள். அந்த ஒரு காரணத்துக்காகவே அக்காவின் மேல் எனக்கு ஆயுள் முழுக்கப் பாசம் உண்டு. அவரைக் கேலி செய்கிற உரிமையும் அதோடு சேர்த்துத்தான்.

அவர் வேலை பார்த்தது அல் கூஸில் ஒரு சின்னக் கிளினிக்கில். தொழிலாளர் கேம்ப்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஆட்களை மொத்தமாக இறக்குவார்கள். மெடிக்கல் பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பதுதான் அக்காவின் டியூட்டி. ஒருமுறை எனக்கும் ரத்தம் கொடுக்க வேண்டியிருந்தது, அங்கேயே போனேன். வாசலில் ஒரு ஃபோர்மேன் நின்றுகொண்டு, "யல்லா, யல்லா, ஜல்தி" என்று, சீக்கிரம் சீக்கிரம் என்பதை அரபியிலும் இந்தியிலுமாகத் தொண்டை கட்டக் கத்திக்கொண்டிருந்தார். வரிசையில் ஒரு வடநாட்டுப் பையன், இருபது வயதிருக்கும், முகம் வெளிறி, ஆனால் சிரித்தபடி நின்றான். அக்கா அவனை உட்காரவைத்து, "டரோ மத் பாய், அபி சிர்ஃப் ரிகர்சல்" என்றார், பயப்படாதே, இப்போது வெறும் ஒத்திகைதான் என்று. கையில் ரப்பர் பட்டையைக் கட்டினார். பஞ்சால் துடைத்தார். அவனை மேலே விசிறியைப் பார்க்கச் சொன்னார். அவன் பார்த்தான். ஒத்திகை முடிந்தது என்று பட்டையை அவிழ்த்தபோது ரத்தம் குழாயில் இருந்தது. அவன் கையையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்து, வாய்விட்டுச் சிரித்தான். இந்தத் தடவை நிஜமான சிரிப்பு.

இப்படிப்பட்டவர் ஒருநாள் பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு மூன்று ஸ்டாப் தள்ளி இறங்கி வந்தார். கதவைத் திறந்த எனக்கு அதுவே பெரிய செய்தி. செருப்பைக்கூடக் கழற்றாமல் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இதப் பாரு, இதப் பாரு!"

ஒரு காட்டுச் சாலை. நடுவில் ஏதோ ஒரு விலங்கு, நீளமான கையை முன்னால் வைத்து, யோசித்து, உடம்பை இழுத்து, மறுபடி யோசித்துச் சாலையைக் கடந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் கார்கள் நின்றன. ஒரு ஆள் இறங்கி வந்து கை காட்டி வண்டிகளை நிறுத்தினான். யாரும் ஹாரன் அடிக்கவில்லை.

"தேவாங்குங்களா?" என்று கேட்டேன்.

"தேவாங்கு நம்மூரு. இது ஸ்லாத்து. அமெரிக்காக்குக் கீழ உள்ள காட்டுல இருக்கு. ஏட்டி, அது ரோட்டத் தாண்டுத வரைக்கும் அம்புட்டு பேரும் நிக்காவ. ஒருத்தன்கூட ஜல்தின்னு சொல்லல!"

அவர் கண்கள் நிறைந்திருந்தன. இருபது வருடத்துக்கு மேலாக, டியூட்டி நேரமெல்லாம் அந்தச் சொல்லைக் கேட்ட காது அது. அதை அன்றைக்கு நான் அவ்வளவாகப் புரிந்துகொள்ளவில்லை. டீ போடட்டுமா என்று மட்டும் கேட்டேன்.

அடுத்த வாரமே அது திட்டமாகிவிட்டது. அமெரிக்காவில் ஃபுளோரிடாவிலிருந்து கிளம்பும் ஒரு உல்லாசக் கப்பல், வழியில் கோஸ்டா ரிக்காவில் ஒரு துறைமுகத்தில் காலை ஏழு மணிக்கு நிற்கும், மதியம் கிளம்பிவிடும். அந்த இடைவெளியில் ஸ்லாத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். கப்பலில் நீச்சல் குளம், நாட்டியம், விடிய விடியச் சாப்பாடு என்று என்னென்னவோ இருந்தது. அக்காவுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அந்த அரைநாள்தான் பயணம், மற்றதெல்லாம் போக்குவரத்து.

தென்காசியிலிருந்து அக்காவின் தம்பி போன் செய்தார். அக்கா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் காய் நறுக்குவார், அதனால் எனக்கும் கேட்கும்.

"என்னக்கா, சின்னவளுக்குக் காதுகுத்து வச்சிருக்கோம், நீ கப்பல்ல போறேன்னு சொல்லுத? லீவுக்கு ஊருக்கு வராம கொரங்கு பாக்கவா போவ?"

"கொரங்கு இல்லடே. ஸ்லாத்து."

"ஏதோ ஒண்ணு. ஊரு சிரிக்கும்க்கா."

அக்கா கத்தியைக் கீழே வைத்தார். "உன் கல்யாணத்துக்கு ஒரு லீவு. வீடு பால் காய்ச்ச ஒரு லீவு. பெரியவ காதுகுத்து, அவ சடங்கு, மாமா காரியம், கோயில் கொடை, எல்லாத்துக்கும் வந்திருக்கேன்லாடே. நான் வந்த லீவுல ஒண்ணாவது எனக்குன்னு வந்தேனா? இது எனக்கு. காதுகுத்துக்குக் கம்மல் அனுப்புதேன், வையி."

போனை வைத்த பிறகு, நறுக்கி முடித்த காயையே மறுபடி நறுக்கினார். அதைப் பார்த்ததும் எனக்கு வந்த வேகத்தில், அந்த ஸ்லாத்து இவருக்கு முகம் காட்டாவிட்டால் நானே போய் அதை மரத்திலிருந்து இறக்கிவிடுவேன் போலிருந்தது. அன்று முதல் இது என் வீட்டு விஷயமும் ஆகிவிட்டது.

கப்பல்காரர்கள் ஆளுக்கொரு ஸ்லாத்தைக் கையில் கொடுத்துப் படம் எடுக்கும் இடங்களையும் காட்டினார்கள். எனக்கு ஆசையாக இருந்தது. குழந்தை மாதிரி இடுப்பில் உட்கார்ந்துகொள்கிறதே! அக்கா இரண்டு நாள் எதையெதையோ படித்துவிட்டு வந்து வேண்டாம் என்றார்.

"தூக்கிக் கையில குடுத்தா அதுக்கு நெஞ்சு படபடன்னு அடிக்குமாம். மூஞ்சி பொறந்ததுலேருந்தே சிரிச்சாப்புல இருக்கதால நமக்குத் தெரியாதாம். ஏட்டி, ஊசிக்கு வாற பயலுவளும் அப்டித்தான் சிரிப்பானுவ. எனக்குத் தெரியாதா? நான் தொட மாட்டேன். அது மரத்துல அதுபாட்டுக்கு இருக்கட்டும். நான் கீழ நின்னு மூஞ்சிய மட்டும் ஒரு தடவ பாக்கணும்."

அடிபட்ட ஸ்லாத்துகளைக் காப்பாற்றிக் காட்டில் விடும் ஒரு இடத்தைத் தேடிப்பிடித்தார். துறைமுகத்திலிருந்து ஒரு மணி நேரத் தொலைவு. வேன்காரருக்கு எழுதினார். வழிகாட்டும் பெண்ணுக்கு எழுதினார். பிறகு அமெரிக்க விசாவுக்கு எங்கள் சாப்பாட்டு மேஜையில் ஒத்திகை நடந்தது. என் கணவர் டை கட்டி, அதிகாரியாக உட்கார்ந்தார். "ஊருக்குத் திரும்பிப் போவீங்கன்னு என்ன நிச்சயமுங்க?" என்று கேட்டு, அக்கா சொன்ன பதில் பிடிக்காமல் மூன்று முறை விசாவை மறுத்தார். நிஜ அதிகாரி ஒரே முறையில் கொடுத்துவிட்டார். அதில் என் கணவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அடுத்தது பெரிய ஒத்திகை. நவம்பரில் ஒரு சனிக்கிழமை. அல் மம்சார் கடற்கரையோரம் நிறுத்திய எங்கள் கார்தான் கப்பல். கப்பலுக்கு கேப்டன் என் கணவர். அங்கிருந்து டாக்சியில் முஷ்ரிஃப் பூங்கா, அதுதான் காடு. அங்கே நம்மூர் வன்னி போன்ற ஒரு காஃப் மரத்தில் ஸ்லாத்து. ஸ்லாத்துக்கு என்னுடைய பழுப்புக் குளியல் துண்டைச் சுருட்டிக் கட்டியிருந்தேன். மூன்று மணிக்கெல்லாம் கப்பலுக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது அக்காவின் கணக்கு. கப்பல் கிளம்புவது நாலு மணிக்கு.

"தம்பி, நாலுன்னா நாலு. யாரு வந்தா என்ன, வராட்டா என்ன, நீங்க வண்டிய எடுத்துருங்க. கப்பலு யாருக்காவயும் நிக்காது."

"நீங்க சொல்லிப்போட்டீங்கல்லங்க்கா. நாலு அடிச்சா வண்டி நகந்துருமுங்க" என்றார் கேப்டன், சீட்டைச் சாய்த்துக்கொண்டே.

பூங்காவில் நாங்கள் பட்ட பாடு! மகளை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறுகையால் துண்டைக் கிளையில் வீசி, அது சிக்காமல் விழுந்து, மறுபடி வீசினேன். ஒரு பாகிஸ்தானிக் குடும்பம் பிரியாணி டப்பாவை மூடிவைத்துவிட்டு எங்களையே வேடிக்கை பார்த்தது. அக்கா மரத்தடியில் இருபது நிமிடம் நின்று அந்தத் துண்டை அண்ணாந்து பார்த்தார். ஆமாம், இருபது நிமிடம், கடிகாரம் வைத்து. நான் சிரிப்பை அடக்க முடியாமல் தள்ளிப்போய் உட்கார்ந்துகொண்டேன்.

மூன்று அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது மம்சாருக்கு வந்து இறங்கினோம். கப்பலைக் காணோம்.

கார் நின்ற இடத்தில் வேறு ஒரு கார் நின்றது. என் கணவருக்குப் போன் போட்டேன். வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"கப்பல்தான் நாலு மணிக்கே கிளம்பிருச்சே!" என்றார் பெருமையாக.

"இப்ப மணி மூணே ஆகலைங்க!"

அந்தப் பக்கம் டம்ளரை வைக்கும் சத்தம் கேட்டது. நடந்தது இதுதான். இங்கே வந்த நாளிலிருந்து என் கணவரின் கைக்கடிகாரத்தில் ஊர் நேரம்தான் ஓடும். அம்மாவுக்குப் போன் செய்ய வசதி என்பார். இங்குள்ள நேரத்துக்கு மனசுக்குள் ஒன்றரை மணியைக் கழித்துக்கொள்வார், அது அவருக்கு மூச்சுவிடுவது மாதிரி பழகிப்போனது. அன்றைக்கு ஏசிக் காற்றில் நன்றாகத் தூங்கிவிட்டார். திடுக்கிட்டு விழித்துப் பார்த்தால் மணி நாலைத் தாண்டியிருந்தது. தூக்கக் கலக்கத்தில் கழிக்க மறந்து, சொன்ன சொல் தவறாமல் வண்டியை எடுத்துவிட்டார்.

நான் வெடித்துவிட்டேன். மகளை வைத்துக்கொண்டு வெயிலில் நிற்கிறோம், மனுசனா நீங்க என்று ஆரம்பித்தேன். அக்கா என் கையிலிருந்து போனை வாங்கி அணைத்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. கடலைப் பார்த்து நின்றார்.

"ஏட்டி, கப்பலோட கடிகாரமும் கரையோட கடிகாரமும் வேறவேறயா இருந்தா?"

"எப்படிங்க்கா இருக்கும்?"

"தம்பி கடிகாரம் வேறயா இருந்துச்சுலா? நான் என் போனைப் பாத்துக்கிட்டுல்லா வந்தேன்?"

அன்றே கப்பல் கம்பெனிக்கு எழுதினார். மூன்றாம் நாள் பதில் வந்தது. ஆமாம், அந்தத் துறைமுகத்தில் கப்பலின் கடிகாரத்தை மாற்றமாட்டார்கள். கிளம்பிய ஊரின் நேரமே ஓடும். கரையில் ஒரு மணி நேரம் பின்தங்கியிருக்கும். கையிலுள்ள போன் தானாகவே கரை நேரத்துக்கு மாறிவிடும், பயணிகள் கவனமாக இருக்கவும். அதை இரண்டு தடவை படித்தேன். அக்கா போனை நம்பிப் போயிருந்தால், அவர் கையில் வைத்துக்கொண்ட அந்த ஒரு மணி நேரம் முழுவதும் இல்லாமலே போயிருக்கும். வழியில் ஒரு டயர் வெடித்தால்கூடக் கப்பல் போய்விடும். கடவுச்சீட்டு கப்பலில் இருக்க, தெரியாத நாட்டுக் கரையில் ஒற்றைப் பொம்பளை!

என் கணவர் அதற்குப் பிறகு ஒரு மாதம் வீட்டில் தலை நிமிர்ந்து நடந்தார். "நான் தூங்கலைன்னா என்ன ஆயிருக்கும், சொல்லு பார்க்கலாம்" என்று கேட்டே என்னைக் கொன்றார்.

ஜனவரியில் அக்கா கிளம்பினார். எல்லோரும் சாதாரணமாகப் பேசும் செயலியில் வீடியோ அழைப்புக்கு இந்த நாட்டில் தடை. ஆபீஸ் மீட்டிங் நடத்தும் செயலி ஒன்றில்தான் வரும். அதனால் அக்கா எங்களுக்கு முறைப்படி மீட்டிங் அழைப்பு அனுப்பியிருந்தார். பொருள்: ஸ்லாத்து. நேரம்: துபாய்க் கணக்கில் மாலை ஏழு முதல் எட்டரை வரை. பத்தரைக்குள் அவர் கப்பலில் ஏறிவிட வேண்டும்; எட்டரைக்கு அங்கிருந்து கிளம்பினால், ஒரு மணி நேர வழி போக, இன்னும் ஒரு மணி நேரம் கையில் இருக்கும்.

ஆறரைக்கே எங்கள் ஹால் நிறைந்துவிட்டது. வாட்ச்மேன் வந்தார். மளிகைக் கடைக்காரர் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்தார். நான் வெங்காய பக்கோடா போட்டேன். டிவியில் இணைத்து எல்லோரும் உட்கார்ந்தோம். ஏழு ஆயிற்று. ஏழரை ஆயிற்று. திரையில் ஒன்றும் வரவில்லை. எனக்கு உட்காரவே முடியவில்லை, அடுப்பங்கரைக்கும் ஹாலுக்குமாக நடந்தேன். எட்டு மணிக்கு மேல் அக்காவின் முகம் வந்தது, வியர்த்து, சிவந்து.

"ரோட்டுல வாழக்கா லாரியா நிக்குட்டி! இப்பத்தான் வந்து சேந்தேன். இந்தா, இந்தா, பாருங்க!"

திரை ஆடி, இலைகள் ஓடி, ஒரு கிளையில் நின்றது. எல்லோரும் எழுந்து டிவியிடம் போனோம். கிளைப் பிரிவில் தேங்காய் நார்க் கட்டு மாதிரி ஒன்று சுருண்டிருந்தது. அவ்வளவுதான். முகம் இல்லை. முதுகுதான் எங்களுக்கு.

"தூங்குதாம். திரும்புனாலும் திரும்புமாம், திரும்பாட்டாலும் திரும்பாதாம். வழிகாட்டுத புள்ள சொல்லுது" என்று அக்கா கிசுகிசுத்தார்.

எட்டே கால். முதுகு. எட்டு இருபது. முதுகு. வாட்ச்மேன் விசில் அடித்துக் கூப்பிட்டால் என்ன என்று கேட்டார், எல்லோரும் அவரை முறைத்தோம். எட்டரைக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது அந்தக் கட்டு அசைந்தது. ஒரு கை வெளியே வந்தது. மூன்று நகங்கள், வளைந்து, நீளமாக. அந்தக் கை பக்கத்துக் கிளையை நோக்கிப் புறப்பட்டது. புறப்பட்டது என்றுதான் சொல்ல வேண்டும், போய்ச் சேர்வதாகத் தெரியவில்லை.

எட்டரை. எனக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, மணி ஆச்சுங்க்கா! கிளம்புங்க!"

"அக்கா, கப்பலுங்க்கா! அது யாருக்கும் நிக்காதுங்க!" என்று என் கணவர் பின்னாலிருந்து கத்தினார். "சிஸ்டர், ஜல்தி!" என்றார் வாட்ச்மேன்.

திரையில் அக்காவின் குரல் மட்டும் வந்தது. மெதுவான குரல். அவரிடம் அப்படி ஒரு குரல் இருப்பது எனக்கு அதுவரை தெரியாது.

"சத்தம் போடாதீங்க. அது திரும்பிக்கிட்டு இருக்கு."

"டைம் இல்லைங்க்கா..."

"இருக்குட்டி. கையில ஒரு மணி நேரம் இருக்கு. இத்தன வருசமா எங்க போனாலும் ஒரு மணி நேரம் வச்சிருந்தேன்லா, அத எல்லாம் எங்க செலவழிச்சேன்? பஸ் ஸ்டாப்புல. இத இங்க செலவழிச்சிக்கிடுதேன்."

பக்கோடா ஆறிப்போயிற்று. மகள் என் மடியில் வந்து உட்கார்ந்துகொண்டாள். கை கிளையைப் பிடித்தது. தோள் திரும்பியது. ஒன்பது மணி தாண்டியது. என் நெஞ்சு பிரசவ அறையில்கூட அப்படி அடித்துக்கொண்டதில்லை. கடைசியில் தலை வந்தது, காது இல்லாத சின்னத் தலை, கண்ணோரம் மை தீற்றியது போல ஒரு கறுப்புக் கோடு, எதற்கோ சந்தோஷப்படுகிற வாய். அது நேரே கீழே பார்த்தது. எங்களை இல்லை, அக்காவை. அக்கா மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. எங்கள் ஹாலில் மளிகைக் கடைக்காரர் ஏனோ கை கூப்பினார். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை.

ஒன்பதே காலுக்கு மேல் திரை அணைந்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு மணி நேர வழி. இன்னொரு வாழைக்காய் லாரி குறுக்கே வந்தால் முடிந்தது. என் கணவர் முதல் முறையாகத் தன் கடிகாரத்தைப் பார்த்துக் கழித்து, கூட்டி, குழம்பி, அதைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டார். பத்தரை தாண்டியும் ஒரு செய்தியும் வராததால், போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தேன். எப்போது தூங்கினேன் என்று தெரியாது.

காலையில் விழித்ததும் போனைத்தான் எடுத்தேன். குரல் பதிவு ஒன்று வந்திருந்தது. காற்றுச் சத்தம், ஏதோ பெரிய ஹாரன், நிறையப் பேர் கூச்சல் போட்டுக் கைதட்டும் சத்தம். எல்லாவற்றுக்கும் நடுவில் அக்காவின் சிரிப்பு.

"ஏட்டி, கேக்குதா? கப்பலு ஏறிட்டேன்! இந்த ரெண்டாயிரம் மூவாயிரம் பேருல கடைசி ஆளு நான்தான்! பிந்தி வாறவங்கள மேல நின்னு கைதட்டித்தான் கூப்பிடுவாவளாம். அம்புட்டு பேரும் ஓடு ஓடுன்னு கத்துதாவ. வாசல்ல நிக்க ஆபீசரும் கைய ஆட்டி ஆட்டிக் கூப்பிடுதாரு. நான் கையில கப்பல் நேரத்துக்கு வச்சிருந்த கடிகாரத்தப் பாத்தேன். இன்னும் நாலு நிமிசம் கெடக்கு." மூச்சு வாங்கிக்கொண்டார் என்று நினைத்தேன். இல்லை, சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். "நான் ஓடலட்டி. பைய நடந்துதான் போனேன்."